கொல்கத்தா முதல் மருத்துவமனைகள் வரை: 'மைண்ட்ஃபுல்னெஸ்' தியானம் பரவியது எப்படி?

கொல்கத்தா: மன அழுத்தம், நாள்பட்ட வலி ஆகியவற்றுக்குப் பல நாடுகளின் மருத்துவமனைகளில் பயிற்றுவிக்கப்படும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனும் விழிப்புணர்வு தியானத்தின் வேர்களில் ஒன்று கொல்கத்தாவில் உள்ளது.

யார் இந்த தீபா மா?

1911-ல் சிட்டகாங் பகுதியில் பிறந்த நானி பாலா பரூவா, ரங்கூனில் வசித்தபோது இரு குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1957-ல் கணவரும் காலமானார். துயரத்தாலும் நோயாலும் முடங்கிய அவரை, தியானம் பழகுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். பர்மியத் துறவி மகாசி சயடோ வழியில், மூச்சால் வயிறு எழுந்து தாழ்வதையும் வலியையும் எண்ணங்களையும் விலக்காமல் கவனிக்கப் பழகி, அவர் மீண்டெழுந்தார்.

1967-ல் மகள் தீபாவுடன் கொல்கத்தாவில் குடியேறிய அவர், 'தீபா மா' என்று அழைக்கப்பட்டார். சிறிய வீட்டில் இல்லத்தரசிகளுக்குக் கற்பித்தார். குழந்தைக்குப் பாலூட்டுவதும் தியானமே என்றார்.

மருத்துவத்தில் நுழைந்தது எப்படி?

அவரிடம் பயின்ற ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஷாரன் சால்ஸ்பெர்க் ஆகியோர், ஜாக் கார்ன்ஃபீல்டுடன் இணைந்து 1975-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தியான மையம் தொடங்கினர். அங்கு தியானம் பழகிய ஜான் கபாட்-ஜின், 1979-ல் சமயச் சடங்குகளைத் தவிர்த்து நோயாளிகளுக்கான பயிற்சியை உருவாக்கினார். இது 8 வாரப் பயிற்சியாகும்.

சடங்கே மருந்தாக...

கனடாவில் நிலை வேறு. பூர்வகுடிகளின் குணப்படுத்தும் மரபுகளை, அச்சமூக மூத்தோருடன் இணைந்து சிகிச்சையில் பயன்படுத்துமாறு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் வலியுறுத்தியது. ஒரு பாதை சடங்கைக் களைந்தது. மற்றொன்று சடங்கையும் சமூகத்தையும் மீட்கிறது.

எனினும், தீவிர மனநலப் பாதிப்புக்கு இவை மருத்துவ சிகிச்சைக்கு மாற்றாகாது.