நிறத்தை மட்டும் நம்பலாமா?

மட்டாஞ்சேரி ஜூ டவுனில், 1568-இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தின் மணிக்கூண்டை அண்ணாந்து பார்ப்போர் ஒரு புதுமையைக் காண்பர். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கூண்டின் ஒரு முகப்பில் எபிரேய எண்கள். மற்றொன்றில் ரோமானிய எண்கள். நேரம் ஒன்றுதான், படிப்போர் பலர் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்றைய கைப்பேசிச் செயலிகளில் அந்த உணர்வு எப்போதும் இருப்பதில்லை. அதே தெருவில் மிளகு வணிகம் செய்யும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், செயலி ஒன்றில் தம் முதலீட்டு வரைபடத்தைக் காட்டி, "இதில் ஏறியது எது, இறங்கியது எது சார்?" என்று வினவினார். இலாபம் பச்சை, நட்டம் சிவப்பு; அவர் கண்ணுக்கோ இரண்டும் ஏறக்குறைய ஒரே பழுப்பு. நட்டத்தை இலாபமென்று எண்ணி மேலும் பணம் போட இருந்தவர், கேட்டதால் தப்பினார்.

சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலாமை பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. அதற்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடமே மிகுதி. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு இது உண்டு.

தீர்வு கடினமன்று, நிரல் எழுதுவோர் சில வரிகளை மாற்றினால் போதும். ஜப்பானிய அறிஞர்கள் மசடாகா ஒகாபே, கெய் இடோ இருவரும் எல்லோரும் பிரித்தறியத்தக்க 8 நிறங்களைத் தொகுத்தளித்துள்ளனர். பைத்தான் மொழியில் வரைபடம் தீட்ட உதவும் மேட்பிளாட்லிப், 2017-இல் 'விரிடிஸ்' நிறவரிசையைத் தன் இயல்பு வரிசையாக்கியது. கருஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் அவ்வரிசையில் வெளிச்சம் படிப்படியாகக் கூடுவதால், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஏற்ற இறக்கம் புலப்படும்.

நல்ல நிறத்தைத் தேர்ந்தாலும் அதை மட்டுமே நம்பலாகாது என்கின்றன உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டுதல்கள். இலாபத்திற்கு மேல்நோக்கிய அம்புக்குறியும் கூட்டல் குறியும், நட்டத்திற்குக் கீழ்நோக்கிய அம்புக்குறியும் கழித்தல் குறியும், கோட்டின் அருகிலேயே பெயரும் இருத்தல் வேண்டும். நிறத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 3-க்கு 1 என்ற வேறுபாடும் தேவை.

வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கதும் உண்டு. பல கைப்பேசிகளின் அமைப்புகளில் நிறத் திருத்த வசதி இருக்கிறது. அதை இயக்கிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் வரைபடத்தை விடுத்து எண்களைப் படியுங்கள். கிளைக்கு வந்து கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டா. படிக்க முடியாத வரைபடம் படிப்பவரின் குறையன்று, வரைந்தவரின் குறையே.