ஏ.டி.எச்.டி. ஆதரவு அமைப்பின் நிர்வாகக் குழு உறுப்பினர்

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டை மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பர். கவனத்தை ஒன்றில் நிறுத்த இயலாமை, அமைதியாக உட்கார முடியாமை, யோசிக்காமல் செயல்படுதல் ஆகியன இதன் முக்கிய அறிகுறிகள். இது குழந்தைப் பருவத்தில் தொடங்குகிறது. பலருக்குப் பெரியவரான பின்னும் தொடர்கிறது. இக்குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் உதவும் லாப நோக்கமற்ற அமைப்பை வழிநடத்துவது அதன் நிர்வாகக் குழு. அக்குழுவில் புதிதாகச் சேர்பவரின் இடம் வெறும் மரியாதைப் பதவி அன்று. அமைப்பு யாருக்காகப் பேசுகிறது என்பதை அவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்.

பெற்றோர் தொடங்கிய அமைப்பு

இத்துறையில் பெயர் பெற்ற அமைப்பு அமெரிக்காவின் சாட். 1987இல் புளோரிடா மாநிலத்தில் பெற்றோரும் உளவியலாளரும் சேர்ந்து இதைத் தொடங்கினர். தங்கள் பிள்ளைகளின் நிலையைப் பிறர் புரிந்துகொள்ளாததால் ஏற்பட்ட தனிமையே இதற்குக் காரணம்.

இவ்வமைப்பின் வரலாற்றில் ஒரு பாடமும் உண்டு. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் ரிட்டலின் மருந்தைத் தயாரித்த சீபா-கைகி நிறுவனத்திடமிருந்து சாட் பெருந்தொகை பெற்றிருந்தது. அம்மருந்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி மனுவும் அளித்திருந்தது. 1995இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இந்த நிதியுதவியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது கடும் விமர்சனம் எழுந்தது. மருந்து பயனுள்ளதா என்பது ஒரு கேள்வி. அதைப் பற்றிப் பேசுபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பது நிர்வாகக் குழுவின் கடமை.

சட்டம் கூறுவது

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. எனவே வரிச்சிக்குடியில் ஒரு சங்கம் தொடங்கினால் அதற்கு 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தரங்கம்பாடியில் தொடங்கினால் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். இரண்டிலும் சங்கம் அமைக்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டப்படி குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆனால் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம்.

இந்தியாவில் இதன் தேவை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உள்ளன. ஏ.டி.எச்.டி. தனிப்பெயருடன் இடம்பெறவில்லை. எனவே இக்குறைபாடு மட்டுமே உள்ள மாணவர், அச்சட்டத்தின் வழியே சான்றிதழும் சலுகையும் பெறுவது கடினம். வகுப்பில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'சேட்டைக்காரப் பிள்ளை' என்ற பெயர்தான். இவர்களுக்காகக் கல்வித் துறையிடமும் அரசிடமும் பேச வேண்டிய பொறுப்பு ஆதரவு அமைப்புகளுக்கு உண்டு.

பாதிக்கப்பட்டோரின் குடும்பத்தினர் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. ஆட்டிசம், பெருமூளை வாதம் முதலிய நான்கு நிலைகளுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் வாரியத்தில் பெற்றோர் சங்கங்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கங்களுக்கும் இடம் உண்டு. மாற்றுத்திறனுள்ள மகனின் தாயும் சென்னை வித்யாசாகர் அமைப்பின் நிறுவனருமான பூனம் நடராஜன் அதன் தலைவராகப் பணியாற்றினார்.

புதிய உறுப்பினர் செய்ய வேண்டியவை

முதலில் சங்கத்தின் துணை விதிகளையும், கடந்த சில ஆண்டுகளின் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கையும் படிக்க வேண்டும். புரியாததைக் கூட்டத்தில் கேட்பதில் தயக்கம் கூடாது. தமக்கோ உறவினருக்கோ ஆதாயம் தரும் பொருள் விவாதத்துக்கு வந்தால், அதை முன்கூட்டியே அறிவித்து வாக்களிக்காமல் விலகி நிற்க வேண்டும்.

பெற்றோராக இருந்து உறுப்பினர் ஆனவர், தம் பிள்ளையின் அனுபவத்தை எடுத்துச் சொல்லலாம். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே அளவுகோலாக்கக் கூடாது.

ரகசியம் காப்பது மிக முக்கியம். வரிச்சிக்குடி போன்ற ஊரில் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தெருவைச் சொன்னாலே பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். கூட்டத்தில் கேட்டது டீக்கடைக்குப் போனால், அடுத்த தாய் உதவி கேட்டு வரமாட்டார்.

ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களும் குழுவில் இடம்பெற வேண்டும். அவர்களுக்காகக் கூட்டப் பொருள்களை முன்னதாகவே எழுத்தில் அனுப்பலாம். கூட்டத்தைச் சுருக்கி, நடுவே இடைவேளை விடலாம். யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்பதை முடிவில் எழுதிக் கொடுக்கலாம். இவை எல்லா உறுப்பினருக்கும் பயன்படும். தன் கூட்டத்திலேயே இந்த வசதிகளைச் செய்யாத அமைப்பு, பள்ளிகளிடம் அவற்றைக் கேட்பது பொருந்தாது.