நாற்பத்தேழாம் தளம்

2025ஆம் ஆண்டு மே மாதம், செண்பகனூரிலுள்ள நம் தமக்கையின் இல்லத்தில் நான்கு நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்ற விதி 2024 மே மாதத்தில் வந்த பிறகும் சாலை நெரிசல் நம் கண்ணுக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை. போதாக்குறைக்குப் பிற்பகல்தோறும் மழை. ஏரிக்கரைக்குச் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டு வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். அவ்வாறு அடைந்து கிடந்ததன் பயனே இக்கட்டுரை.

மூன்றாம் நாள் நம் மருமகன் பரண்மேல் ஏறினான். அவனுக்கு வயது பதினாறு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த களைப்பும், பொழுது போகாத சலிப்பும் சேர்ந்திருந்தன. பழைய போர்வை ஒன்றில் சுற்றி வைத்திருந்த பெட்டியை அவன் இறக்கியபோது நம் தமக்கை அடுக்களை வாயிலில் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

பெட்டியில் இருந்தது ஒரு வீடியோ கேம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட விளையாட்டுக் கருவியைப் பார்த்து யார் யாரோ செய்த நகல்களுள் ஒன்று. நம் நாட்டின் கடைத்தெருக்களில் அத்தகைய நகல்கள் பல ஆண்டுகள் மலிவாக விற்றன. மஞ்சள் நிற கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் செருகி, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால் போதும். ஆயினும் மலைப்பனியின் ஈரம் எதை விட்டது? கார்ட்ரிட்ஜின் செப்புப் பற்கள் கறுத்திருந்தன. சிறுவயதில் செய்ததைப் போலவே அவன் அதன் வாயில் ஊதப் போனான். ஊதுவது தவறு, மூச்சின் ஈரம் அப்பற்களை மேலும் அரிக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொன்னோம். மூன்றாம் முயற்சியில் திரை ஒளிர்ந்தது.

அவன் தேடிய விளையாட்டு, பக்ஸ் பன்னி என்னும் கார்ட்டூன் முயலைத் தலைவனாகக் கொண்டது. கெம்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் ஆக்கிய அது, 1989இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அறுபது தளங்கள் கொண்ட விசித்திரக் கோட்டைக்குள் ஹனி பன்னி என்னும் பெண் முயல் சிறைப்பட்டிருக்கிறாள். தளந்தோறும் சிதறிக் கிடக்கும் கேரட்டுகள் அனைத்தையும் பொறுக்கினால்தான் அடுத்த தளத்துக்குச் செல்லலாம். டாஃபி வாத்தும், சில்வெஸ்டர் பூனையும், மீசைக்கார யோசெமிட்டி சாமும், கயோட்டி என்னும் ஓநாயும் விடாது துரத்துவார்கள். வெவ்வேறு படங்களில் வந்த கேலிச்சித்திர மாந்தர் ஒரே கூரையின்கீழ்க் கூடுவதில் குழந்தைகளுக்கு ஒரு தனி இன்பம். முயலாயினும் நம் தலைவனுக்குத் துள்ளத் தெரியாது என்பதுதான் வேடிக்கை! படியேறலாம், குழாய்க்குள் நுழையலாம். ஒரு விரற்கடை கூடக் குதிக்க முடியாது.

"இவ்வளவுதானா, மாமா?" என்றான் அவன், பத்தாம் தளத்தில். குழந்தைப் பருவத்தில் கடல்போல் விரிந்து கிடந்த கோட்டை இப்போது கைக்குட்டையாய்ச் சுருங்கிவிட்டது. பூனை எந்தப் படியில் திரும்பும் என்பது அவனுக்கு ஒரே பார்வையில் விளங்கிற்று.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்றும் காத்திருந்தது. இக்கோட்டை பக்ஸ் பன்னிக்கே உரியதன்று என்பதைக் கைப்பேசியில் தேடி அவனே கண்டறிந்தான். 1988இல் வெளிவந்த 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' என்ற திரைப்படம், டிஸ்னியின் மிக்கி மவுஸையும் வார்னர் நிறுவனத்தின் பக்ஸ் பன்னியையும் முதன்முறையாக ஒரே காட்சியில் சேர்த்தது; இருவரும் திரையில் சரிசமமான நேரம் தோன்ற வேண்டும் என்பது உடன்பாடாம். அப்படத்தின் நாயகனான ரோஜர் முயலை வைத்தே கெம்கோ இக்கோட்டையை முதலில் ஜப்பானில் கட்டியது. அங்கே மீட்கப்பட வேண்டியவள் ஜெசிக்கா. அமெரிக்காவில் ரோஜர் விளையாட்டை வெளியிடும் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே அங்கே நாயகன் பக்ஸ் பன்னியானான். அதே 1989இல் கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் வெளியானபோது மிக்கி நாயகனாகி, மின்னியை மீட்டான். கோட்டை ஒன்று, குடியிருந்தவர் மூவர்.

"அப்படியானால் எல்லாம் வாடகை வீடுதானே!" என்று அவன் சிரித்தான். சிரிப்பில் கசப்பு இருந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் வாசாப்பு நாடகம் நடந்த காலம் நம் நினைவுக்கு வந்தது. அரண்மனை எழுதிய படுதா ஒன்றே ஒன்றுதான். ஏரோது மன்னனும் அதன் முன்னேதான் வீற்றிருப்பான். புனித செபஸ்தியாரைக் கொல்லச் சொன்ன தியோக்ளேசியானும் அதன் முன்னேதான் சினந்து எழுவான். அழுதவர்கள் எவரும் படுதாவைப் பார்த்து அழவில்லை. இதை அவனிடம் சொன்னோம். பதினாறு வயதுக்கு அது அவ்வளவாகச் சுவைக்கவில்லை.

இங்கே நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016இல் அத்தான் இந்தப் பெட்டியை வாங்கி வந்தபோது, முதலில் முகம் சுளித்தவர் நாமே. தீயவை இல்லத்துக்குள் நுழையாதபடி காப்பது பெற்றோரின் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பில் கூறியிருப்பதை எடுத்துக்காட்டி, நீண்டதொரு சொற்பொழிவே ஆற்றினோம். சுற்றுலா வண்டி ஓட்டிப் பிழைத்த அத்தான் அதைப் பொறுமையாகக் கேட்டார். "சரி மாப்பிள்ளை, நானும் அவன் கூடவே உட்கார்ந்துவிடுகிறேன்" என்றார். அவ்வாறே உட்காரவும் செய்தார். வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும், இரவுச் செபமாலைக்கு முன் அரைமணி நேரம். அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை.

பெட்டியின் அடியில் ஒரு குறிப்பேடு கிடந்தது. இவ்விளையாட்டுக்கு நினைவாற்றல் கிடையாது. மின்சாரம் போனால் அத்தனையும் போயிற்று. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் நான்கெழுத்துக் குறிச்சொல் ஒன்றுண்டு. அதை இட்டால் அந்தத் தளத்திலிருந்தே தொடரலாம். மலையூரின் மின்வெட்டை அறிந்த அத்தான், பெட்ரோல் கணக்கு எழுதும் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் அச்சொற்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். எண்ணெய்க் கறை படிந்த தாள், அச்சடித்தாற்போன்ற எழுத்து. 2018இல் குறிஞ்சி பூத்தபோது பயணிகளை ஏற்றி இறக்கியே ஓய்ந்தாராம். அந்த மாதங்களில் ஒரு சொல்லும் ஏறவில்லை. அந்நவம்பரில் கஜா புயல் மலையின் மரங்களைச் சாய்த்து, ஊரை இருளில் ஆழ்த்தியது. அதன் பிறகு மீண்டும் ஓரிரண்டு, ஓரிரண்டாக வரிகள் தொடர்கின்றன. 47 என்ற எண்ணோடு அவை நின்றுவிடுகின்றன.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அத்தான் இறைவனடி சேர்ந்தார். தேவாலயத்துக்குக் கூட உடலைக் கொண்டு செல்ல முடியாத நாட்கள் அவை.

மருமகன் அப்பக்கங்களை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தான். அறுபது தளங்களையும் அன்றிரவே அவன் முடித்திருக்கக்கூடும். அந்தத் திறமை அவனுக்கு இருந்தது. அவன் கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனான். நாமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவன் தங்கையை அழைத்துத் தன்னருகே உட்கார வைத்துக்கொண்டான். அவளுக்கு வயது ஒன்பது. தந்தை மறைந்தபோது ஐந்து. அவர் முகம் அவளுக்குச் சுவரில் மாட்டிய படத்திலிருந்தே பழக்கம்.

"இது அப்பா எழுதினதா, அண்ணா?"

"ஆமாம். நாற்பத்தேழிலிருந்து தொடங்கு. பூனை வந்தால் நான் சொல்கிறேன்."

அவள் பதினொரு முறை பிடிபட்டாள். அவன் ஒருமுறை கூடக் கருவியை வாங்கித் தான் ஆடவில்லை, "மாடிப்படி, மாடிப்படி!" என்று கூவியதோடு சரி. உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த நம் தமக்கை ஈரக்கையோடு வந்து, கதவில் சாய்ந்து நின்றார். இம்முறை திரும்பிப் போகவில்லை. பன்னிரண்டாம் முறை கடைசிக் கேரட்டும் கைக்கு வந்தது. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுப் பாட்டி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

48ஆம் தளத்தின் நான்கெழுத்தை அவன் அக்குறிப்பேட்டில், அதே பக்கத்தில், அடுத்த வரியில் எழுதினான். கையெழுத்து தந்தையுடையதற்கு அருகே வராது. கோழி கிளறியதுபோல் இருந்தது. "நான் எழுதுறேன், கொடு" என்று தங்கை பேனாவைப் பிடுங்கினாள்.