காந்தம் காட்டும் இருதயக் குழாய்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து நம் ஆட்களுக்கு நெஞ்சடைப்பு என்றால் முதலில் வாயில் வருவது ‘ஸ்ரீசித்திரா’ என்ற பெயர்தான். 1980இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற திருவனந்தபுரத்து நிறுவனம் அது. இந்த ஆஸ்பத்திரிப் பேச்சில் அண்மைக்காலமாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: “குழாய் விடாம, எம்.ஆர்.ஐ. ஸ்கேன்லயே அடைப்பைப் பார்த்திரலாமே?”

நானும் அதைக் கேட்டவன்தான். பித்தளை அண்டாவைத் தூக்கினால் நெஞ்சில் பாரம், இறக்கினால் போய்விடும். ஆஞ்சியோ என்றதும் பயந்துவிட்டேன். நாகர்கோவில்காரரான டாக்டர், “அண்ணாச்சி, அது எல்லாருக்கும் ஆகாது” என்றார். ஏன் ஆகாது என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் நுண்ணிய காந்த ஊசி போன்றது. பூமியின் காந்தத்தைப்போல் முப்பதாயிரம் மடங்கு வலுவான 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்து, ரேடியோ அலையால் தட்டினால் ஊசிகள் விலகும். அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது எழும் மெல்லிய சமிக்ஞையைக் கணினி படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. இந்த வழியை வகுத்த பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளை அசையாமல் இருக்கும், படம் பிடிக்கலாம். இருதயம் அப்படியா? அதன் தமனிகள் தொடக்கத்திலேயே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், பொட்டலம் கட்டும் சணல் கனம். இருதயம் துடிக்கிறது, மூச்சு அதை மேலும் கீழும் தள்ளுகிறது. ஆடும் ஊஞ்சலிலுள்ள குழந்தையைப் படமெடுக்க, ஊஞ்சல் உச்சியில் நிற்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருப்போமல்லவா? அதேபோல இ.சி.ஜி.யைப் பார்த்து, இரு துடிப்புக்கு நடுவே இருதயம் ஓயும் சிறு பொழுதிலும், உதரவிதானம் குறித்த இடத்தில் இருக்கும்போதும் மட்டுமே சமிக்ஞையைச் சேர்க்கிறார்கள். அதனால் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகிவிடும்.

2001இல் ஏழு மருத்துவமனைகளில் 109 பேரைக் காந்தப் படத்தாலும் ஆஞ்சியோவாலும் பார்த்து ஒப்பிட்டார்கள். இடது பிரதான தமனியிலோ மூன்று தமனிகளிலுமோ அடைப்பு இருந்தவர்களில் ஒருவரைக்கூடக் காந்தம் தவறவிடவில்லை. ஆனால் அடைப்பே இல்லாதவர்களில் நூற்றுக்கு 42 பேரைத்தான் ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது. இப்படி ஒரு தராசை நான் கடையில் வைக்கமாட்டேன். பிறகு கருவிகள் மேம்பட்டன. ஆனாலும் சில நொடிகளில் தெளிவாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் முந்திக்கொண்டது. அதற்குக் கதிரும் அயோடின் மருந்தும் வேண்டும். சுண்ணாம்பு படிந்த தமனி அதில் மங்கும். காந்தத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு.

ஆகவே, தமனி பிறவியிலேயே இடம்மாறி முளைத்த இளம்பிள்ளைகளுக்கும், கவாசாகிக் காய்ச்சலில் தமனி வீங்கி அடிக்கடி படம் தேவைப்படும் குழந்தைகளுக்கும் இது பெரிய உதவி. இருதயத் தசையின் தழும்பையும் இரத்த ஓட்டத்தையும் காட்டுவதில் காந்தம் கெட்டிக்காரன். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்டென்டுக்கு உள்ளே என்ன நிலை என்பதும் இதில் சரியாகத் தெரியாது.

என் பக்கத்துக் கடைக்காரர் வேர்த்துக்கொட்டும் வலியோடு, “ஸ்கேன் எடுத்துட்டுப் பார்ப்போம்” என்று இரண்டு நாள் தள்ளினார். மூன்றாம் நாள் கடை திறக்கவில்லை. அப்படிப்பட்ட வலிக்கு முதலில் வேண்டியது உடனடி இ.சி.ஜி. ஆஞ்சியோவில் அடைப்பைப் பார்த்த கையோடு திறக்கவும் முடியும். காந்தம் காட்ட மட்டுமே செய்யும்.

எனக்கு மணிக்கட்டு வழியாகத்தான் பார்த்தார்கள். ஒரு குழாயில் அடைப்பு. அப்போதே ஸ்டென்ட் வைத்தார்கள். அண்டா தூக்குவதைப் பையனிடம் விட்டுவிட்டேன்.