வாய்ப்பேச்சில் வான் விற்பதும் வாங்குவதும்

கடைச் சாமான் ஏற்றும் வான் வாங்கிய இடத்தில் ஏற்பட்ட பிணக்குகள் பற்றி உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக எல்லாம் தெரிந்தவர்களுக்கிடையில் வாய்ப்பேச்சில் முடிந்த விற்பனைகள். எனவே இம்மாத உரைக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில், "எழுதாத ஒப்பந்தம் செல்லாது" என்பது தவறு. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி வாய்மொழி விற்பனையும் செல்லும். சிக்கல், என்ன பேசினோம் என்பதை நிரூபிப்பதில்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் தன் வானை 6,000 பவுணுக்குத் தம்பி ஒருவருக்கு விற்கிறார். 3,500 கையிலே காசு; மிச்சம் மாதம் 500. ஒரு மாதக் காசு கொடுத்தபின் கியர்பொக்ஸ் பழுதாகிறது. தம்பி காசை நிறுத்துகிறார். "லொக் புக் என் பெயரில்தான் இருக்கு, வானைத் திரும்ப எடுப்பேன்" என்கிறார் அண்ணை.

எடுக்கலாமா? லொக் புக்கில் உள்ள பெயர் உரிமைக்குச் சான்று அல்ல. அந்தப் பத்திரத்திலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. கடைசிக் காசு வரும்வரை உரிமை எனக்கே என்று முன்கூட்டிப் பேசியிருக்காவிட்டால், வான் பொதுவாகத் தம்பியுடையதாகிவிடும். அண்ணை மிச்சக் காசுக்கு வழக்குப் போடலாம். இரண்டாவது திறப்பைக் கொண்டுபோய் வானை எடுக்க முடியாது. அதற்கிடையில் பார்க்கிங், யூலெஸ் தண்டக் கடிதங்கள் அண்ணையின் வீட்டுக்கே வரும்.

கியர்பொக்ஸ்? தனிப்பட்டவர் தன் சொந்தக் காரை விற்றால் தரத்துக்குச் சட்டம் உத்தரவாதம் தராது. பொய் சொல்லி விற்றால்தான் கேட்கலாம். ஆனால் தொழிலுக்குப் பாவித்த வாகனம் வேறு. மீன்பிடித் தொழிலாளி ஒருவர் தன் படகை விற்றதும் தொழில்முறை விற்பனையே என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. ஆகவே வானின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் இருக்கவேண்டும். பழுது விற்கும்போதே இருந்தது என்று காட்டினால், தம்பி திருத்தச் செலவை மிச்சக் காசில் கழிக்கக் கேட்கலாம். அதற்காகக் கடன் தானாக அழிந்துவிடாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையான வழக்குகள் சிறு தொகைப் பிரிவில் விசாரிக்கப்படும். ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். யார் சொல்வது கூடுதலாக நம்பத்தக்கது என்றே நீதிபதி பார்ப்பார். வங்கிக் கணக்கு விபரம், வாட்ஸ்அப் செய்தி, பக்கத்தில் நின்றவரின் சாட்சி எல்லாம் உதவும்.

எனவே நான் சொல்வது இதுதான்:

ஒரு தாளில் வாகன இலக்கம், ஓடிய மைல், விலை, தவணைத் திகதிகள், தெரிந்த பழுதுகள், உரிமை எப்போது மாறும் என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். ஆளுக்கொரு பிரதி.

காசை வங்கி மூலம் அனுப்புங்கள். கையிலே கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

திறப்பைக் கொடுத்த அன்றே விற்றவர் டிவிஎல்ஏக்கு அறிவிக்கவேண்டும்.

ஏற்கெனவே வாயால் பேசி முடித்திருந்தால், "நாங்கள் பேசியபடி மிச்சம் இவ்வளவு, இன்ன திகதிக்குள்" என்று இன்றே ஒரு செய்தி அனுப்பிப் பதிலை வைத்திருங்கள்.

பிணக்கு முற்றினால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். "எழுதக் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார்களே" என்று கூச்சப்படாதீர்கள். எழுதி வைத்தால் வானும் ஓடும், உறவும் நிலைக்கும்.