24 மணித்தியாலம் நிற்காத கார்

2025 ஜனவரி 12ஆம் திகதி டுபாயில் ஒரு கார்ப் பந்தயம் முடிந்தது. நடிகர் அஜித்குமார் கொடியைப் பிடித்தபடி ஆரவாரம் செய்த காட்சி யாழ்ப்பாணத்துக் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. அவருடைய அணிக்கு மூன்றாமிடம் என்றது செய்தி. உண்மைதான். ஆனால் அந்த மூன்றாமிடம் பெற்ற காரைப் பந்தயத்தில் அவர் ஓட்டவில்லை. அந்தக் காருக்கு முன்னால் வந்தவையும் இரண்டு கார்கள் மட்டுமல்ல. ஓட்டாத ஒருவருக்கு எப்படி வெற்றி? பல கார்களுக்குப் பின்னால் வந்த வண்டிக்கு எப்படி மூன்றாமிடம்? இவற்றுக்குப் பதில் தெரிய வேண்டுமானால் நெடுநேரக் கார்ப் பந்தயம் என்ற விளையாட்டையும், அதில் சொந்தப் பணத்தைப் போட்டு இறங்கும் தனியார் அணிகளையும் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரே தடம், பல பந்தயங்கள்

ஃபார்முலா 1 பந்தயம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஒரு காருக்கு ஒரு சாரதி. நெடுநேரப் பந்தயத்தின் கணக்கு வேறு. இங்கே பெரும்பாலும் தூரமல்ல, நேரம்தான் குறிக்கப்படுகிறது. 6, 12 அல்லது 24 மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் யார் கூடுதலான சுற்று ஓடுகிறாரோ அவரே வெற்றியாளர். ஒரு காரை மூன்று, நான்கு பேர் முறை வைத்து ஓட்டுவார்கள். பெற்றோல் நிரப்ப, ரயர் மாற்ற, பிரேக் கட்டை மாற்ற, சாரதி மாற எத்தனை தடவையும் நிற்கலாம். ஆனால் கடிகாரம் நிற்காது.

இதற்குத் தாய்வீடு பிரான்சின் லு மான் நகரம். 1923 மே மாதம் முதற்பந்தயம் அங்கே நடந்தது. அன்றைய கார்கள் வேகமாக ஓடினாலும் அடிக்கடி பழுதாகும், இரவில் விளக்கு சரியாக எரியாது. கார் செய்பவர்கள் இவற்றைத் திருத்த வேண்டுமென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் வண்டியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே ஏற்பாட்டாளர்களின் எண்ணம். இன்று அங்கே ஒரு சுற்று 13.6 கிலோமீற்றர். வெல்லும் கார் ஒரு நாளில் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் ஓடிவிடும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான இந்தத் தீவின் முழு நீளத்தைப் பதினொரு தடவைக்கு மேல் கடப்பதற்குச் சமம் அது.

ஒரே நேரத்தில் ஒரே தடத்தில் பல வகைக் கார்கள் ஓடும். அதிவேகக் கார்கள் ஒரு வகுப்பு, அவற்றைவிடக் குறைந்த வலுவுள்ளவை இன்னொரு வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே முதல் மூன்று இடங்கள் உண்டு. டுபாயில் அஜித்குமார் அணி மூன்றாமிடம் பெற்றது தன் வகுப்பில்தான். இதனால் சாதனை சிறிதாகிவிடாது. வகுப்புக்குள்ளே ஓடும் கார்கள் ஏறக்குறைய ஒரேமாதிரியானவை. ஆகவே வித்தியாசத்தை உண்டாக்குபவர்கள் மனிதர்கள்.

கணக்கில் வெல்லும் விளையாட்டு

லு மானில் அதிவேகக் கார்களுக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும். நிற்கும் நேரமும் மெதுவாக ஓடும் நேரமும் போக ஒரு நாளில் 370 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் எதிரியைவிட ஒரு செக்கன் வேகமாக ஓடும் கார், 24 மணித்தியால முடிவில் சம்பாதிப்பது 370 செக்கன். அதாவது ஆறு நிமிடம் சொச்சம். காரில் ஒரு நீர்க்குழாய் உடைந்து, தடத்தோரப் பழுதுபார்க்குமிடமான பிட்டில் அதை மாற்றப் பத்து நிமிடம் போனால், நாள் முழுக்கச் சேர்த்த வேகம் அத்தனையும் கரைந்துவிடும். நெடுநேரப் பந்தயத்தில் வேகமான காரைவிட நிற்காத கார் பெரிது என்று சொல்வது இதனால்தான்.

டுபாய்ப் பந்தயத்தின் விதிகளில் இந்தக் கணக்கு இன்னும் சுவையாகிறது. அங்கே விபத்து நடந்தால் தடம் முழுவதும் ஊதா நிறக் கொடி காட்டப்படும். உடனே எல்லாக் கார்களும் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு இறங்க வேண்டும். மற்றவர்கள் அப்படி ஊர்ந்துகொண்டிருக்கும் வேளையில் பெற்றோல் நிரப்பப் போகும் அணிக்கு நட்டம் குறைவு. ஆனால் பெற்றோல் நிரப்பும் இடம் எல்லா அணிகளுக்கும் பொதுவானது. எல்லோரும் ஒன்றாக ஓடினால் அங்கே வரிசை நீண்டுவிடும். போவதா, பொறுப்பதா என்பதைச் சில செக்கனில் தீர்மானிப்பவர் பிட்டில் கணினிக்கு முன் இருக்கும் பொறியியலாளர். கமெராவில் அவர் முகம் வருவதேயில்லை.

தனியார் அணி என்றால் யார்?

போர்ஷே, பெராரி, டொயோட்டா போன்ற கம்பனிகள் தங்கள் பெயரிலேயே அணி நடத்தும். அவர்களிடம் ஆராய்ச்சிக்கூடம் இருக்கும், புதுப்புதுக் கார் இருக்கும், சம்பளம் வாங்கும் சாரதிகள் இருப்பார்கள். தனியார் அணி கம்பனியிடமிருந்து காரை விலைக்கு வாங்கி ஓடுவது. போர்ஷே இதை ஒரு வியாபாரமாகவே செய்கிறது. அதன் 911 ஜிடி3 கப் என்ற பந்தயக் கார், பின்பக்கத்தில் படுத்தவாக்கில் அமைந்த ஆறு சிலிண்டர், 4 லீற்றர் எஞ்சின் கொண்டது. 2025இல் டுபாயில் ஓடிய தலைமுறைக் காரின் வலு 510 குதிரைவலு, எடை ஏறத்தாழ 1,260 கிலோ. பணம் கட்டினால் பந்தயத்துக்கு ஆயத்தமாகவே வந்து இறங்கும். பல அணிகளிடம் அதே கார் இருப்பதால் உதிரிப்பாகத்துக்கும் அனுபவசாலிக்கும் பஞ்சமில்லை.

பணம் எங்கிருந்து வரும்? விளம்பரதாரர்கள் கொஞ்சம். மிச்சம் பெரும்பாலும் ஓட்ட ஆசைப்படும் வசதியானவர்களிடமிருந்து வரும். உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் சாரதிகளைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. தொழில்முறை அல்லாதவர்கள் பொதுவாக வெண்கலம். பல வகுப்புகளில் ஒரு காரில் இத்தகையவர் ஒருவராவது இருந்தேயாக வேண்டும். பணக்காரரின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பணம் இல்லாவிட்டால் தொழில்முறைச் சாரதிக்கும் மெக்கானிக்குக்கும் வேலை இல்லை.

பழைய காரோடு கம்பனியை வென்றவர்

தனியார் அணிகளின் வரலாற்றில் தனியே நிற்கும் பெயர் ஜேர்மனியின் ரைன்ஹோல்ட் யோஸ்ட். தானும் பந்தயச் சாரதியாக இருந்தவர் 1978இல் சொந்த அணியைத் தொடங்கினார். 1984இல் அவரது போர்ஷே 956 லு மானில் வென்றது. அந்த ஆண்டு போர்ஷே கம்பனி அணி வரவில்லை, அதனால்தான் வென்றார் என்று பேசியவர்கள் உண்டு. 1985இல் கம்பனி அணி புதிய 962 கார்களோடு வந்தது. யோஸ்ட் கொண்டுவந்ததோ முந்தைய ஆண்டு வென்ற அதே பழைய கார்.

அந்த ஆண்டு எரிபொருள் அளவை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள். 24 மணித்தியாலத்துக்கும் ஒரு காருக்கு 2,210 லீற்றர்தான். வேகமாக ஓடினால் பெற்றோல் தீர்ந்துவிடும், மெதுவாக ஓடினால் தோல்வி. யோஸ்டின் காரும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லொயிட் என்ற இன்னொரு தனியார் அணியின் காரும் தொடக்க மணித்தியாலங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஓடின. முன்னே போகும் கார் காற்றைக் கிழிக்கும். பின்னே வருவதற்குக் காற்றின் தடை குறையும், எரிபொருளும் மிஞ்சும். முறை மாறி மாறி இருவரும் மிச்சம் பிடித்தார்கள். கடைசியில் யோஸ்ட் முதலிடம், லொயிட் இரண்டாமிடம். கம்பனியின் புதுக்கார் மூன்றாமிடம். ஒரே கார் அடுத்தடுத்து இரண்டாண்டு லு மானில் வென்றது.

அந்த வெற்றிக் காரின் மூன்று சாரதிகளில் கிளவுஸ் லுட்விக் தொழில்முறைச் சாரதி. இன்னொருவர் இத்தாலியின் பஸ்தா தயாரிக்கும் பரில்லா குடும்பத்துப் பாவ்லோ. மூன்றாமவர் பெயர் ‘ஜோன் வின்ரர்’. அது புனைபெயர். உண்மையில் அவர் லூயி கிறாகெஸ் என்ற மரவியாபாரி. பந்தயம் ஓட்டுவது வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று பெயரை மாற்றியிருந்தார். அந்தப் பந்தயத்தில் அவர் ஓட்டியது சொற்ப நேரமே. யார் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று அளந்து கொடுத்ததில்தான் யோஸ்டின் கெட்டித்தனம் இருந்தது.

பதினோராண்டு கழித்து அதே வித்தையை அவர் மறுபடியும் காட்டினார். போர்ஷே தொடங்கிவிட்டுக் கைவிட்ட ஒரு திட்டம் இருந்தது: ஒரு பழைய ஜாகுவார் பந்தயக் காரின் உடலில் போர்ஷே எஞ்சினைப் பொருத்திய கார். யோஸ்ட் அதைக் கேட்டு வாங்கினார். 1996இல் கம்பனியின் புத்தம்புதிய 911 ஜிடி1 கார்களை அது ஒரு சுற்றால் முந்தியது. 1997இல் முன்னணியில் போன கம்பனிக் கார் பந்தயம் முடிய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருக்கையில் தீப்பிடித்தது. பின்னால் நிதானமாக வந்த அதே யோஸ்ட் காருக்கு மறுபடியும் வெற்றி. இதைக் கண்ட அவுடி, தன் கம்பனி அணியை நடத்தும் பொறுப்பையே யோஸ்டிடம் கொடுத்தது.

வயதான வண்டியை ஓடவைக்கும் வித்தை யாழ்ப்பாணத்துக் கராஜ்களுக்கும் கைவந்ததுதான். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிது. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே முதலில் சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்கள் கலவையை மிகையாக அழுத்துவதில்லை என்பதால், தரம் குறைந்த எரிபொருளிலும் அதிகம் இடிக்காமல் ஓடின. புதுக்கார் என்றால் தாங்கியிராது. எஞ்சினின் குணமறிந்து நடத்தும் இந்தப் பக்குவத்தைத்தான் லு மானில் யோஸ்ட் விலையாக்கினார்.

சோழவரத்திலிருந்து டுபாய் வரை

தமிழர்களுக்கு இந்த விளையாட்டு முற்றிலும் புதிதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பல்லாண்டு பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னையின் கருண் சந்தோக் 2012இல் ஜேஆர்எம் என்ற பிரித்தானியத் தனியார் அணியோடு லு மான் சென்று, ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக முடித்தார்.

இவர்கள் பிறர் அணியில் ஓட்டியவர்கள். அஜித்குமார் 2024இல் தன் பெயரிலேயே அணி தொடங்கினார். 2010இல் ஃபார்முலா 2 வரை ஓட்டிப் பார்த்தவர் அவர். தொழில்நுட்பப் பொறுப்பு நெதர்லாந்தின் பாஸ் கூட்டன் ரேசிங் அணியிடம் இருந்தது. அனுபவமில்லாத அணி அனுபவமுள்ள அணியின் கையைப் பிடித்து நடப்பது இந்தத் துறையில் வழமை. டுபாய்ப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, ஜனவரி 7ஆம் திகதி, பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் சுவரில் மோதிச் சிதைந்தது. அவருக்குக் காயமில்லை.

அடுத்து அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். அணியின் நன்மை கருதித் தன் போர்ஷே கப் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். அதன் உரிமையாளராக மட்டும் நின்றார். தான் இன்னொரு அணியின் ஜிடி4 வகுப்புக் காரில் ஓட்டினார். மற்றச் சாரதிகள் ஓட்டிய அவருடைய கார் மூன்றாமிடம் வந்தது. பின்னர் அதே ஆண்டில் இத்தாலியின் முஜெல்லோ, பெல்ஜியத்தின் ஸ்பா தடங்களில் நடந்த 12 மணித்தியாலப் பந்தயங்களிலும் அவர் அணி பரிசுமேடை ஏறியது.

சொந்தப் பணத்தில் வாங்கிய காரிலிருந்து தானே இறங்கி நிற்பது சொல்வதுபோல் இலகுவல்ல. ஆனால் தனியார் அணியின் இரகசியம் இதுதான். பணம் காரை வாங்கித் தரும். எந்த நேரத்தில் யார் ஓட்டக்கூடாது, எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற தெளிவே கோப்பையைத் தரும். 2025 ஜூனில் லு மானை வென்றதும் பெராரியின் கம்பனி அணி அல்ல. ஏஎஃப் கோர்சே பெயரில் தனியாராக இறங்கிய 83ஆம் இலக்க மஞ்சள் கார், இரண்டாமிடம் வந்த போர்ஷேயை 14 செக்கனால் வென்றது.

குடாநாட்டில் பந்தயத் தடம் இல்லை. இலங்கையின் கார்ப் பந்தயங்கள் கட்டுகுறுந்தை ஓடுபாதை, நுவரெலியா மலைப்பாதை போன்ற இடங்களில் நடப்பவை. ஆகவே எங்கள் பிள்ளைகளிலிருந்து ஒரு சாரதி உருவாவது கடினம். ஆனால் ஓர் அணியில் சாரதிகளைவிட மெக்கானிக்குகளும் பொறியியலாளர்களுமே அதிகம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழினுட்பம் முறையாகக் கற்பிக்கிறார்கள். கராஜில் எண்ணெய்க் கையோடு நிற்கும் பிள்ளையைப் படிப்பு ஏறாதவன் என்று சொல்லும் பெற்றோர் அந்த வாசலுக்கு ஒருதடவை அவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.