கட்டற்றது வேறு, கட்டணமற்றது வேறு

‘கட்டற்றது’, ‘கட்டணமற்றது’ ஆகிய இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை; பொருளால் வேறானவை. கட்டணமற்றது விலையின்றிக் கிடைப்பது. கட்டற்றது தடையின்றிக் கையாளத்தக்கது. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரே சொல் குறிப்பதால் நேரும் மயக்கம் தமிழில் நேர்வதில்லை.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை 1983-இல் அமெரிக்காவில் தொடங்கியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்துதல், படியெடுத்துப் பகிர்தல், திருத்திய வடிவத்தைப் பிறருக்கு வழங்குதல் ஆகிய நான்கு உரிமைகளும் பயனருக்கு வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. மூலநிரல் என்பது நிரலாளர் எழுதிய, மனிதர் படித்தறியக்கூடிய வடிவமாகும். இவ்வுரிமைகளைக் காக்க 1989-இல் ‘குனு பொது உரிமம்’ வெளியிடப்பட்டது. லினக்ஸின் மையப் பகுதியும் இவ்வுரிமத்தின்கீழ்தான் வழங்கப்படுகிறது.

லினக்ஸை விலைக்கு விற்கலாமா? விற்கலாம்; உரிமம் அதனைத் தடுக்கவில்லை. அவ்வாறாயின், வணிக நிறுவனங்கள் சிலவற்றை ஆர்வலர்கள் குறை கூறுவது ஏன்?

ரெட் ஹாட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அது தன் லினக்ஸ் பதிப்பைப் பராமரிப்பு உதவியுடன் சந்தா முறையில் விற்கிறது. அப்பதிப்பின் மூலநிரல் முன்னர் அனைவருக்கும் கிடைத்தது. அதனைக் கொண்டு ராக்கி, அல்மா முதலிய பதிப்புகளைப் பிறர் உருவாக்கிக் கட்டணமின்றி வழங்கினர். 2023 ஜூன் மாதத்தில், அம்மூலநிரல் இனி வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர் அதனைப் பகிர உரிமம் இடமளிக்கிறது. ஆனால், பகிர்ந்தால் சந்தா முடிவுக்கு வரலாம் என ஒப்பந்தம் எச்சரிக்கிறது. உரிமை ஏட்டில் இருக்க, அச்சம் அதனை முடக்குகிறது என்பதே ஆர்வலர்களின் குற்றச்சாட்டு.

நிறுவனத்தின் விடையும் எண்ணத்தக்கது. தன் பொறியாளர்களின் உழைப்புக்கு ஊதியம் தேவை. பிறர் எதையும் சேர்க்காமல் மறுபடி எடுத்து வழங்குவது முறையன்று. உரிமத்தின் விதிகளைத் தான் மீறவில்லை என்கிறது அது. எனினும், உலகெங்கும் உள்ள எண்ணற்ற நிரலாளர்களின் உழைப்பும் லினக்ஸில் கலந்துள்ளது. உரிமத்தின் சொல்லைக் காத்து, அதன் நோக்கத்தைக் கைவிடலாமா என்பதே இங்கு எழும் வினா.

சிந்தித்து எழுதுக: ஊர் கூடி வெட்டிய குளத்திற்குப் படித்துறை கட்டியவர் அதற்குக் கூலி பெறலாம். முகந்த நீரை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தால் இனி இப்படியில் இறங்காதே என்று அவர் கூறுவது முறையாகுமா? காரணம் தருக.